ஆர்வெட்டா சாகாத படம்

ஆர்வெட்டா கேட்சன் சாவதில் கெட்டிக்காரி. ஜார்ஜியா மாநிலத்தின் டல்லிவர் ஊரில் அவளைப் போல் விழுந்து சாக இன்னொரு ஆள் கிடையாது என்பதை அவளைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஒரு படத்தில் பருத்திக் காட்டில் சவுக்கடி பட்டுச் செத்தாள். இன்னொன்றில் வேட்டை நாய்கள் துரத்தி வர, ஆற்றில் மூழ்கிச் செத்தாள். ஒன்றில் துப்பாக்கி, ஒன்றில் காய்ச்சல், இரண்டில் நெருப்பு. ஒரு தொலைக்காட்சித் தொடரில் முதல் வாரம் செத்தவளையே தலைத்துணியை மட்டும் மாற்றிக் கட்டி நாலாவது வாரமும் சாகவைத்தார்கள். பார்த்தவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவள் நடிகையாக ஆசைப்பட்டவள் அல்ல. முப்பது வருஷம் டல்லிவரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். ஓய்வு பெற்ற வருஷம் பார்த்து, வரிச்சலுகைக்காக சினிமாக்காரர்கள் ஜார்ஜியாவை மொய்க்கத் தொடங்கியிருந்தார்கள். இந்தக் காலத்துக் கதை என்றால் அட்லாண்டாவிலிருந்து ஒல்லியான பெண்களைக் கூட்டி வருவார்கள். கறுப்பின மக்களை அடிக்கிற, எரிக்கிற, துரத்துகிற பழங்காலத்துக் கதை என்றால் வண்டி நேராக டல்லிவருக்கு வரும். ஆர்வெட்டாவின் பெரிய கண்களையும் தொங்கிய கன்னங்களையும் பார்த்த இயக்குநர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வார்த்தை சொன்னார்கள்: துயரம். உண்மையில் அது துயரமில்லை. ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளைக் கண்ணாடியில் கண்காணித்துக்கொண்டே முப்பது வருஷம் வண்டி ஓட்டிய களைப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வேறு ஆள். நேபோ மலை பாப்டிஸ்ட் சபையில் வாசல் ஊழியக்காரிகளுக்கு அவள்தான் தலைவி. வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை, ஒரு கை எப்போதும் முதுகுக்குப் பின்னால். பாட்டு ஏறி, பிரசங்கம் சூடு பிடித்து, யாராவது பரிசுத்த ஆவியில் நிறைந்து துள்ளி விழுந்தால் இவர்கள் ஓடுவார்கள். தலை பெஞ்சில் மோதாமல் ஒருத்தி பிடிப்பாள். கவுன் ஏறிவிடாமல் ஒருத்தி முழங்காலில் துணி போர்த்துவாள். ஒருத்தி அட்டை விசிறியால் வீசுவாள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தி அசைந்தால் மற்றவர்கள் தாமாக இடம் பிடித்துவிடுவார்கள்.

இந்த இரண்டு ஊழியத்தையும் ஆர்வெட்டா ஒரே சிரத்தையோடுதான் செய்துவந்தாள். வீட்டில் மட்டும் ஒரு குறை. அவள் அம்மா லுவீனியா, தொண்ணூறைத் தொடப்போகிறவள், மகள் நடித்த படங்களைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா, என்னோட புதுப் படம் டிவியில போடறாங்க. வந்து உக்காரேன்" என்று ஆர்வெட்டா கூப்பிட்டால், சமையலறையிலிருந்து கேள்வி வரும்.

"சாகறியா?"

"கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருப்பேன்மா."

"சாகறியான்னு கேட்டேன்."

"கடைசியில."

"அப்ப எனக்கு பீன்ஸ் உரிக்கற வேலை இருக்கு."

சிரித்துக்கொண்டே விடக்கூடிய விஷயமாகத்தான் அது பல வருஷம் இருந்தது. ஒரு நாள் ஆர்வெட்டா கொஞ்சம் வற்புறுத்திவிட்டாள். அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"வெட்டா, எனக்கு ஆறு வயசுல எங்க சித்தப்பா ஜூனியஸை வெள்ளைக்காரங்க சில பேரு வாசல்ல வந்து கூப்பிட்டாங்க. தொப்பியை எடுத்துக்கிட்டுப் போனாரு. நான் ஜன்னல்ல பாத்துட்டே இருந்தேன். அவரு திரும்பி வரலை. அந்தக் காட்சியை நான் ஒரு தடவை பாத்தாச்சு. என் பொண்ணை வெச்சு மறுபடி மறுபடி காட்டினா நான் எப்படிடி பாப்பேன்? ஒரு படத்துலயாவது முடியற வரைக்கும் உயிரோட இரு. வந்து பாக்கறேன்."

ஐம்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கிய ஆர்வெட்டா, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்தாள். அன்றைக்கு அவள் மனதில் ஒரு தீர்மானம் விழுந்தது. அடுத்த படத்தில் சாகக் கூடாது.

அடுத்த படம் அந்தக் கோடையிலேயே வந்தது. ஊருக்கு வெளியே, அறுவடை முடிந்த நிலக்கடலை வயலில் மரத்தால் ஒரு கிறிஸ்தவக் கோயிலைக் கட்டினார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. கறுப்பின மக்கள் வாழும் ஒரு குடியிருப்பு, அதன் நடுவில் கோயில், ஒரு மாலையில் வெள்ளைக்காரக் கும்பல் வந்து எல்லாவற்றையும் கொளுத்துகிறது. இந்தப் பக்கத்தில் மூன்று ஊருக்கு ஒரு ஊரில் நடந்த கதைதான். சபை மக்களாக நடிக்க நேபோ மலை சபையையே மொத்தமாக அமர்த்திக்கொண்டார்கள்.

இயக்குநர் டேரியன் ஹோல்காம் சிகாகோவிலிருந்து வந்த கறுப்பின இளைஞன். நல்ல பிள்ளை, சாப்பிடாத பிள்ளை. எந்நேரமும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வரலாற்றின் பாரம் முழுவதும் தன் தலையில் என்று நினைப்பவன் போல இருந்தான்.

முதல் நாள் கோயிலுக்குள் ஆராதனைக் காட்சி. "நீங்க எல்லாரும் மௌனமா உக்காந்திருக்கணும்" என்று டேரியன் சொன்னான். "ஒரு கௌரவம். ஒரு அமைதி. அந்த அமைதியிலதான் வரப்போற ஆபத்து தெரியணும்."

போதகராக நடித்தவர் கலிபோர்னியாவிலிருந்து வந்த நடிகர். அவர் முதல் வாக்கியத்தை முடிக்கும்போதே, முன்வரிசையில் சபை மூத்தவரான டீக்கன் ஓசியா, "அப்படிச் சொல்லு பாஸ்டர்" என்றார்.

"கட். டீக்கன், தயவுசெஞ்சு மௌனம்."

"நான் மௌனமாத்தானே இருந்தேன்."

"நீங்க பேசினீங்க சார்."

"அது பேச்சில்ல தம்பி. பிரசங்கம் பண்றவரை நடுவுல தனியா விட்டுட்டா பாவம் இல்லையா?"

மறுபடி எடுத்தார்கள். டீக்கன் பல்லைக் கடித்துக்கொண்டார். பின்வரிசையிலிருந்து "நிதானமா சொல்லுங்க பாஸ்டர், நேரம் இருக்கு" என்று ஒரு குரல் வந்தது. கலிபோர்னியா நடிகருக்கு வாழ்நாளில் இப்படி ஒரு ஆதரவு கிடைத்ததில்லை. அவர் உற்சாகமாகி, எழுதிக்கொடுத்த வசனம் தீர்ந்த பிறகும் நிறுத்தாமல் மோசேயைப் பற்றியும் செங்கடலைப் பற்றியும் சொந்தமாகப் பிரசங்கித்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது. டேரியன் நாலு தடவை "கட்" என்று கத்தியும் யார் காதிலும் விழவில்லை. கடைசியில் பார்த்தால் காணிக்கைத் தட்டு ஒரு சுற்று வந்துவிட்டிருந்தது. யார் அனுப்பியது என்று யாருக்கும் தெரியவில்லை. பிரசங்கம் முடிந்தால் தட்டு வரும், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஆர்வெட்டா ஒரு முழு வெண்ணெய் கேக்கோடு டேரியனைத் தேடிப் போனாள். அவன் தன் அலுவலக வண்டிக்குள் படங்கள் வரைந்து ஒட்டிய சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சித்திரம். அதில் ஒன்றில், கோயில் படிக்குக் கீழே, நீலக் கவுன் போட்ட ஒருத்தி மல்லாந்து கிடந்தாள்.

"அது நான்தானே தம்பி?"

"ஆமா மிஸ் ஆர்வெட்டா. ரொம்ப முக்கியமான இடம்."

"அந்த இடத்துல நான் கொஞ்சம் உயிரோட இருந்துக்கட்டுமா?"

டேரியன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "உங்க முகத்துல ஒரு சரித்திரமே இருக்கு மிஸ் ஆர்வெட்டா. நீங்க விழும்போதுதான் பாக்கறவங்களுக்கு இழப்புன்னா என்னன்னு புரியும்."

"சரித்திரம் இருக்கட்டும். கூடவே உயிரும் இருந்துட்டுப் போகட்டுமே."

"நடந்ததை மறைக்கக் கூடாது இல்லையா? எத்தனை பேரைக் கொன்னாங்க. அதை யாரும் காட்டாம விட்டதாலதானே நான் இந்தப் படமே எடுக்கறேன்."

"நீ காட்டு, வேண்டாங்கலை. எங்க வீட்லயும் ஒருத்தரைப் பறிகொடுத்திருக்கோம். ஆனா தம்பி, எல்லாப் படத்துலயும் எங்களைக் கொன்னுட்டுப் படத்தை முடிச்சுப் பேரு போட்டுடறீங்க. அன்னைக்குச் செத்தவங்களை விட பிழைச்சவங்க அதிகம். பிழைச்சு, மறுநாள் எழுந்து, குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சி, செத்தவங்களை எடுத்துப் போட்டு, மறுபடி வீடு கட்டினாங்க. இல்லேன்னா நான் எங்கிருந்து வந்தேன்? நீ எங்கிருந்து வந்தே?"

டேரியனின் கண் கலங்கியது. அவன் கேக்கில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டு யோசித்தான்.

"நீங்க சொன்னது என்னை ரொம்பப் பாதிச்சுடுச்சு" என்றான். "உங்களைக் கூட்டத்தோட சாகடிக்கறது தப்பு. நீங்க சாகறதைக் கேமராவைக் கிட்டத்துல வெச்சு எடுக்கறேன். முகம் மட்டும். தனியா."

வெளியே வந்தபோது அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உயிர்ப்பிச்சை கேட்கப் போனவளுக்கு மரணத்தில் பதவி உயர்வு கிடைத்திருந்தது.

செய்தி பரவியதும் கிளாடின் டிஸ்டேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கிளாடினும் வாசல் ஊழியக்காரிதான், ஆர்வெட்டாவுக்கு அடுத்த இடம். அலறிக்கொண்டு ஓடுவதில் தனக்கு நிகரில்லை என்று அவளுக்கு நினைப்பு.

"கேக்கைக் குடுத்துக் கிட்டத்துல சாக ஏற்பாடு பண்ணிக்கிட்டியாமே சிஸ்டர். சாகறதுக்குக்கூட சிபாரிசு வேணுமா இந்தக் காலத்துல?"

"நான் சாகாம இருக்கத்தான் போனேன், கிளாடின்."

"அந்தக் கதையைப் போய் உங்கம்மாகிட்ட சொல்லு."

அதைத்தான் சொல்ல முடியாமல் ஆர்வெட்டா தவித்தாள். அம்மா இரவுச் சாப்பாட்டின்போது, "இந்தத் தடவை?" என்று மட்டும் கேட்டாள். ஆர்வெட்டா சோள ரொட்டியை எடுத்து அம்மாவின் தட்டில் வைத்தாள்.

அவளைச் சுடவேண்டியவன் வெண்டல் கிராப். டயர்க் கடை வைத்திருந்த வெள்ளைக்காரன், நாற்பது வயதுக்காரன், பெரிய தாடி. தாடிக்காகவே அவனைக் கும்பலுக்குத் தலைவனாக்கியிருந்தார்கள். ஒத்திகையில் அவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஆர்வெட்டாவின் முன்னால் வந்து நின்றான்.

"வெண்டல், எனக்கு வெறுப்பு வேணும்" என்றான் டேரியன்.

"சார், இவங்க எங்க பஸ் ஓட்டினவங்க சார்."

"அதை மறந்துடுங்க. இப்ப அவங்க உங்க கண்ணுக்கு மனுஷியே இல்ல."

வெண்டல் துப்பாக்கியைத் தூக்கினான். பிறகு தாழ்த்தினான். "மன்னிச்சுக்கங்க மிஸ் ஆர்வெட்டா" என்றான். ஒவ்வொரு தடவையும் சுடுவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்டான். சுட்ட பிறகு எழுந்திருக்கக் கை கொடுத்தான். கும்பலில் மற்றவர்களும் அப்படித்தான். பாதிப் பேர் அவள் பஸ்ஸில் வளர்ந்தவர்கள். அவள் கொஞ்சம் முறைத்தால் வரிசையில் நின்றுவிடுவார்கள்.

ஆர்வெட்டாவே அவனைத் தனியாகக் கூப்பிட்டாள். "இதோ பாருடா. நாலாம் கிளாஸ்ல சீட்டுக்கு அடியில பபிள்கம் ஒட்டினேன்னு உன்னை ஒரு மாசம் முன்சீட்டுல பொண்ணுங்ககூட உக்கார வெச்சேனே. அதை நினைச்சுக்க. கோபம் வரும்."

வெண்டல் யோசித்துப் பார்த்தான். "அது நியாயம்தானே மிஸ் ஆர்வெட்டா."

மதியச் சாப்பாட்டுக்கு சினிமா கம்பெனி கொடுத்த இலை தழை சாலடை யாரும் தொடவில்லை. நேபோ மலைப் பெண்கள் மரத்தடியில் வறுத்த கோழியும் மொச்சையும் பரப்பியிருந்தார்கள். கோயில் என்று ஒன்று நின்றால், அது படத்துக்காகக் கட்டியதானாலும், அதன் வாசலுக்கு வந்தவர்களைச் சாப்பிடவைக்காமல் அனுப்ப அவர்களுக்குத் தெரியாது. எரிக்க வந்த கும்பலும் வரிசையில் வந்து தட்டு வாங்கியது. வெண்டல் மட்டும் தள்ளி, வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தான். ஆர்வெட்டா தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

"என்னடா?"

"எங்க வீட்ல ஒரு பழைய போட்டோ இருக்கு மிஸ் ஆர்வெட்டா. எங்க கொள்ளுத் தாத்தாவும் இன்னும் கொஞ்சம் பேரும் நிக்கறாங்க. பின்னாடி ஏதோ புகையுது. சின்ன வயசுல, ஏதோ குப்பை எரிக்கறாங்கன்னு நினைச்சேன்." அவன் தாடியைப் பிடித்துக்கொண்டான். "இந்த வேஷத்துல என்னைக் கண்ணாடியில பாத்தேன். அவரு மாதிரியே இருக்கேன்."

ஆர்வெட்டாவுக்கு அம்மாவின் சித்தப்பா ஜூனியஸின் நினைவு வந்தது. இவனுடைய கொள்ளுத் தாத்தாவும் அந்த வாசலில் நின்றிருக்கலாம், நில்லாமலும் இருந்திருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள உயிரோடு யாருமில்லை. அவள் கண்ணில் நீர் முட்டியது. அவள் அவன் பக்கத்தில், புல்லில், சிரமப்பட்டு உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சு வெச்சிருக்கியே, அது நல்லது. அந்தப் போட்டோவைக் கிழிச்சுப் போட்டுடாதே." பிறகு அவள் தட்டை அவன் மடியில் வைத்தாள். "சாப்பிடு. வெறும் வயித்தோட வந்து சுட்டேன்னா கை நடுங்கும். அந்தப் பையன் இன்னும் பத்துத் தடவை எடுப்பான்."

கோயிலை எரிக்கும் நாள் வந்தது. கட்டிடம் ஒன்றுதான், எரிவதும் ஒரே தடவைதான். சுற்றிலும் கேமராக்கள். தீயணைப்பு வண்டிகள் தூரத்தில் நின்றன. டேரியன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "தீ வெச்சதுக்கப்புறம் நான் கட் சொல்ல மாட்டேன்" என்றான். "என்ன நடந்தாலும் யாரும் நிறுத்தக் கூடாது. செத்தவங்க அசையக் கூடாது. மூச்சுகூட மெதுவா விடுங்க."

தீ பிடித்தது. கும்பல் ஓடி வந்தது. ஆர்வெட்டா சொன்ன பபிள்கம் யோசனை வேலை செய்யவில்லை, ஆனால் நெருப்பைப் பார்த்ததும் வெண்டலின் முகத்தில் எங்கிருந்தோ ஒரு பயங்கரம் வந்துவிட்டது. துப்பாக்கி வெடித்தது. ஆர்வெட்டா நெஞ்சைப் பிடித்து, அரைச் சுற்றுச் சுற்றி, படிக்குக் கீழே மல்லாந்து விழுந்தாள். கண்ணைத் திறந்தபடியே செத்தாள். அவள் வாழ்நாளில் செத்ததிலேயே சிறந்த சாவு அது. சற்றுத் தள்ளி கிளாடின் ஓடி அலறி விழுந்தாள். இன்னும் இரண்டு வாசல் ஊழியக்காரிகள் வேலியோரம் செத்துக் கிடந்தார்கள். டீக்கன் ஓசியா கிணற்றடியில் வசதியாகச் சாய்ந்து செத்திருந்தார்.

அப்போது கதாநாயகி சிமோன் வந்தாள். படத்தில் அவள் போதகரின் மனைவி. கணவன் உள்ளே எரிகிறான். பெரிய நடிகை. நெருப்பைப் பார்த்து நின்றாள், கைகள் மேலே போயின, உடம்பு ஒரு உதறு உதறியது. பிறகு வேரோடு சாய்ந்தாற்போலப் பின்னால் விழுந்து புரண்டாள். நேபோ மலை சபையில் ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு விழுவார்களே, அச்சு அசலாக அப்படி. கவுன் தொடை வரைக்கும் ஏறிவிட்டது.

ஆர்வெட்டா எழுந்தாள்.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எழுந்திருக்க மாட்டாள். செத்த கண்ணின் ஓரத்தில் ஒரு பெண் விழுவது தெரிந்தது, கால்கள் தாமாக எழுந்துகொண்டன. இடுப்பிலிருந்த ஏப்ரனை அவிழ்த்து சிமோனின் முழங்கால் மேல் போர்த்தினாள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, இன்னொரு கையால் சிமோனின் வைக்கோல் தொப்பியை எடுத்து வீசத் தொடங்கினாள். அவள் அசைந்ததைக் கண்டதும் கிளாடின் எழுந்து வந்து தலையைத் தாங்கினாள். வேலியோரத்துப் பிணங்கள் இரண்டும் எழுந்து வந்து, இரு பக்கமும் முகம் வெளியே பார்க்க, காவலாக நின்றன. நெற்றியில் ரத்தக் கீறல், கவுனெல்லாம் ரத்தம், முகத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கண்டிப்பு.

கும்பல் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. வெண்டல் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான். மற்றவர்களும் கழற்றினார்கள். சிமோன் தேர்ந்த நடிகை, நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதவள். ஆர்வெட்டாவின் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள். அந்த அழுகை நடிப்பாகத் தெரியவில்லை. பின்னால் கோயிலின் கோபுரம் முறிந்து விழுந்தது.

"சிஸ்டர்" என்று கிளாடின் உதடு அசையாமல் கேட்டாள். "நாம செத்துட்டோம்ல?"

"செத்துட்டோம்."

"அப்ப என்ன பண்றோம்?"

"வீசு."

தீ அடங்கிய பிறகுதான் "கட்" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. ஆர்வெட்டாவுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. கட்டிடம் கரியாகிவிட்டது. திரும்ப எடுக்க வழியில்லை. ஒரு பிள்ளையின் படத்தையே கெடுத்துவிட்டோம் என்று அவள் படிக்கட்டு இருந்த இடத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டேரியனைச் சுற்றிக் கம்பெனி ஆட்கள் கூடிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம் என்றான் ஒருவன். பிணங்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் வெட்டிவிடலாம் என்றான் இன்னொருவன். டேரியன் சின்னத் திரையில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். பிறகு நடந்து வந்து ஆர்வெட்டாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"உங்களை நெஞ்சுல சுட்டாங்க மிஸ் ஆர்வெட்டா. எப்படி எழுந்தீங்க? ஜனங்க கேப்பாங்களே."

ஆர்வெட்டா மூக்கைச் சிந்தினாள். "குண்டு உரசிட்டுப் போச்சுன்னு வெச்சுக்க தம்பி. செத்த மாதிரி விழுந்து கிடந்து பிழைச்சவங்க எத்தனையோ பேர். அதோட, சுட்டது வெண்டல். அவன் பஸ்ல பேப்பர் உருண்டை எறிஞ்சாக்கூட ஒரு நாளும் குறியில பட்டதில்ல."

"அது உண்மைதான் சார்" என்றான் வெண்டல், பின்னாலிருந்து.

டேரியன் சிரித்தான். அந்தக் கோடையில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "எழுந்தவங்க எல்லாரும் உயிரோட இருக்காங்க. கதையை மாத்தறேன்."

ஆர்வெட்டா அன்றைக்கு வீட்டுக்கு ஓடினாள் என்றே சொல்ல வேண்டும். "அம்மா, நான் சாகலை" என்றாள். லுவீனியா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "படத்து ரத்தத்தோட வந்து நிக்கறே. முகத்தைக் கழுவிட்டு வந்து பொய் சொல்லு" என்றாள்.

உயிரோடு இருப்பது இவ்வளவு சிரமம் என்று ஆர்வெட்டா எதிர்பார்க்கவில்லை. செத்தவர்களுக்கு அன்றோடு வேலை முடிந்தது. பிழைத்தவர்களுக்கு டேரியன் புதிதாகக் காட்சிகள் எழுதிக்கொண்டே இருந்தான். சாம்பலை அள்ளினார்கள். கரிந்த பலகையைத் தூக்கினார்கள். உச்சி வெயிலில் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார்கள், ஒவ்வொரு வாளியையும் நாலு கோணத்தில். டீக்கன் ஓசியா வேலையில்லாவிட்டாலும் தினமும் வந்து, மரத்தடியில் நாற்காலி போட்டு, ஐஸ் போட்ட இனிப்பு டீ குடித்தபடி அவர்களைப் பார்த்துக் கை ஆட்டுவார்.

"பாரு அந்தப் பிணத்தை" என்றாள் கிளாடின், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "என்னா சுகம். நான் பாட்டுக்கு அன்னைக்குச் செத்துக் கிடந்தேன். உன்னை யாரு எழுந்திருக்கச் சொன்னது?"

"உன்னை யாரு கூட வரச் சொன்னது?"

"நீ எழுந்தா நான் எழுந்திருக்காம?" என்று கிளாடின் சீறினாள். பிறகு குனிந்து ஆர்வெட்டாவின் வாளியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

படம் முடிந்து, அடுத்த வசந்தத்தில் டல்லிவரின் பழைய தியேட்டரில் முதல் காட்சியை ஊர் மக்களுக்கே போட்டார்கள். லுவீனியாவைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. பெரிய ஊதாத் தொப்பி வைத்து, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, வழியோரத்து இருக்கைதான் வேண்டும் என்று வாங்கி உட்கார்ந்தாள். எழுந்து போக வசதி.

"இப்பவா?" என்று கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா."

தியேட்டர் சும்மா இருக்கவில்லை. போதகர் திரையில் பிரசங்கித்தபோது மூன்று வரிசை பதில் சொன்னது. கும்பல் தீவட்டியோடு வந்தபோது பேச்சு நின்றது. பின்வரிசையில் வெண்டல் தலையைக் குனிந்துகொண்டான். லுவீனியாவின் கை ஆர்வெட்டாவின் மணிக்கட்டைப் பிடித்தது. துப்பாக்கி வெடித்தது. திரை நிறைய ஆர்வெட்டாவின் முகம், திறந்த கண்கள்.

லுவீனியா கைப்பையை எடுத்தாள். "பொய் சொல்லிட்டே" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"அம்மா, இரும்மா. ஒரே ஒரு நிமிஷம்."

சிமோன் விழுந்தாள். கவுன் ஏறியது. திரையின் ஓரத்தில், புல்லில், செத்துக் கிடந்த நீலக் கவுன் அசைந்தது. முழங்கையை ஊன்றி, பெருமூச்சு விட்டு, இடுப்பு ஏப்ரனை அவிழ்த்தபடி ஆர்வெட்டா எழுந்தாள்.

தியேட்டரில் எழுந்த சத்தத்தில் கூரை அதிர்ந்தது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கிளாடின் எழுந்ததும் இன்னொரு சத்தம், பிறகு இன்னொன்று. யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே சிரித்தாள். ஆர்வெட்டா திரையைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். லுவீனியாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. தொப்பியின் விளிம்பு நடுங்கியது. கன்னத்தில் இறங்கிய கண்ணீரை அவள் துடைக்கவில்லை.

பிறகு அவள் எழுந்து நின்றாள்.

"வா, போகலாம்."

"அம்மா, படம் இன்னும் அரை மணி நேரம் இருக்கு."

"இருக்கட்டும்."

"அப்புறம் எனக்கு நிறைய வேலை இருக்கும்மா. எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா?"

"வெட்டா, இப்ப நீ உயிரோட இருக்கே. நான் பாத்துட்டேன். இந்த சினிமாக்காரங்களை நம்பி இதுக்கு மேல ஒரு நிமிஷம் உக்கார மாட்டேன். எழுந்திரு."

ஆர்வெட்டா எழுந்தாள். அம்மாவின் முழங்கையைத் தாங்கி, ஞாயிற்றுக்கிழமை நடையில், வழிவிட்டவர்களுக்கெல்லாம் தலையசைத்தபடி வெளியே கூட்டி வந்தாள். தெருவில் பிற்பகல் வெயிலில் கண் கூசியது. கதவுக்கு உள்ளேயிருந்து ஜனங்கள் அவள் பேரைச் சொல்லி ஏதோ கூவுவது கேட்டது.

லுவீனியா காரின் கதவைப் பிடித்தபடி நின்று காது கொடுத்தாள்.

"உள்ள படத்துல நீ இப்ப என்னடி பண்றே?"

"தண்ணி தூக்கறேன்மா."

"தூக்கு" என்றாள் லுவீனியா. தொப்பி இடிக்காமல் குனிந்து காரில் ஏறினாள்.